சபாபதி முதலாளி மட்டம் பார்த்த பாத்ரூம்

பாத்ரூம் தரை வேலைக்கு எங்களைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. வழுக்கி விழுவதற்கு முன்னால் கூப்பிடுகிறவர்கள், விழுந்த பிறகு கூப்பிடுகிறவர்கள். முதல் வகை ஆளை ஆரணியில் நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் மாலை போடலாம் என்று இருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே டைல்ஸ் வாங்க வந்த மேஸ்திரி ஒருவர், வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்த பிறகும் தினமும் வந்து நின்றார். வேறு வழியில்லாமல் அவரையே கட்டிக்கொண்டேன். இப்போது இரண்டு பேருமாக பாத்ரூம் வேலைகளை எடுத்துச் செய்கிறோம். அளவெடுப்பது, சரக்கு தேர்ந்தெடுப்பது, வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் பங்கு. தரை போடுவது அவர் பங்கு. அவர் ஒரு நாளெல்லாம் பேசுவதை ஒரு டைலின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றுதான் ஆரோக்கியம் ஸ்டெல்லாவைக் கட்டினான் என்று எங்கள் சர்ச்சில் சொல்வார்கள். நான் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்பது ஒரே கேள்வி. குளிக்கிற இடத்துக்கு எந்த டைல் நல்லது? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சபாபதி முதலாளி வீட்டு வேலையைச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது.

1. மயில்கழுத்துக் கலர்

சபாபதி முதலாளி பட்டுச் சேலை நெய்து விற்கிறவர். வீட்டிலேயே நாலு தறி. அவர் போன் செய்தால் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

"இன்னாமா ஸ்டெல்லா, எங்க கீற? ஜல்தி வா. எங்க வீட்டு பாத்ரூமைப் பேத்து எடுக்கணும். அதைப் பாத்தாலே எனக்குப் பத்திகினு வருது."

போனேன். அவர் பேத்து எடுக்கச் சொன்ன பாத்ரூம் அவரே பார்த்துப் பார்த்துப் போட்டது. மயில்கழுத்துக் கலரில் பளபளவென்று தரை. என் தலைமுடி கலைந்திருப்பதைத் தரையைப் பார்த்தே சரி செய்துகொண்டேன். அந்தத் தரையில்தான் அவர் மனைவி வேதவல்லி அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. வேலூரில் ஆபரேஷன். ஆறு மாதமாகக் கைத்தடி. மகள் கோமதி போளூரில் டீச்சர். காலை பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் அவள்தான் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள்.

"என்னைக் கழுவி வச்சிட்டுப் போறாக்கா இவ" என்றார் வேதவல்லி அம்மா. என்னைவிடப் பெரியவர், ஆனால் கடையில் பார்த்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா பாதி சோப்போட எழுப்பி விட்டுடறா. பாத்திரம் கூட இன்னும் ரெண்டு தபா அலசுவாங்க."

"அம்மா, ஹெட்மாஸ்டர் கிட்ட யாரு பாட்டு வாங்கறது?" என்றாள் கோமதி.

சிரிப்பாகத்தான் பேசினார்கள். ஆனால் விஷயம் அத்தோடு நிற்கவில்லை. மகன் முரளி பெங்களூரில் வேலை பார்க்கிறான். அம்மா மறுபடி ஒரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்ற பயம் அவனுக்கு. தன் ஃப்ளாட்டில் ஒரு அறையைத் தயார் செய்துவிட்டு, அடுத்த வாரம் ஞாயிறு காரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். பாத்ரூமைப் பார்ப்பான். அம்மா தானாகக் குளிக்க முடிந்தால் இருக்கட்டும். முடியாவிட்டால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

வேதவல்லி அம்மாவுக்கு பாவு பிணைப்பதில் நல்ல கை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், தீர்ந்தால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். அந்தத் தெருவில் யார் வீட்டுப் பாவு தீர்ந்தாலும் இவரைத்தான் தேடி வருவார்கள்.

"பெங்களூர் போயி நான் இன்னா பண்ணுவேன்? லிஃப்ட்ல ஏறி எறங்கிகினு இருக்கணும். எனக்கு அங்க ஒரு வேலையும் கெடையாதுக்கா" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "எனக்குப் பயமாத்தான் கீது. பாத்ரூம் வாசல்ல நின்னாலே காலு நடுங்குது. ஆனா இந்த ஊரை விட்டுப் போறதுக்கு மனசே இல்ல."

மேஸ்திரி தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். அவர் தலையாட்டினால் வேலையை எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

2. கடை வாசலில் எண்ணெய்க் குளியல்

மறுநாள் முதலாளி, வேதவல்லி அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு, நான் முன்பு வேலை பார்த்த டைல்ஸ் கடைக்கு வந்தார். அம்மா ஆட்டோவிலேயே இருந்தார். முதலாளி உள்ளே வந்து டைல்ஸ் பார்க்கத் தொடங்கினார்.

பட்டுக்காரர்கள் டைல்ஸ் வாங்குவதைப் பார்க்க வேண்டும். டிக்கெட் போட்டே காட்டலாம். ஒரு டைலை எடுத்தார். புறங்கையால் மெல்லத் தடவினார். வெளியே கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நல்ல சேலையை உள்பக்கம் பார்த்துத்தானே வாங்க வேண்டும். மடித்துப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

நான் சொரசொரப்பாக இருக்கிற மேட் டைலைக் காட்டினேன். புறங்கையை வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது, சாக்கு மாதிரி கீது. வழவழன்னு இல்லாத சரக்கைக் காசு குடுத்து எவன் வாங்குவான்?"

அவர்மேல் தப்பில்லை. பிறந்ததிலிருந்து வழவழப்புதான் தரம் என்று இருந்தவர். சொரசொரப்பு என்றால் அவர் தொழிலில் நூல் சரியில்லை, கை சரியில்லை என்று அர்த்தம். ஆரணியில் பாதி பாத்ரூம்களில் ஆட்கள் விழுவதற்கு இதுதான் காரணம் என்பது என் முடிவு.

அவர் தேர்ந்தெடுத்தது சந்தனக் கலரில் தங்கக் கோடு ஓடுகிற பெரிய டைல். பளபளப்பு கண்ணைப் பறித்தது. எனக்கு வாய் வலிக்கிறவரை பேசினேன், ஆள் மசியவில்லை. சரி என்று பக்கத்து மளிகைக் கடையில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் வாங்கிவரச் சொன்னேன். கடை வாசலில் நாலைந்து வகை டைல்களை மணலில் பதித்து வரிசையாக வைத்தேன். எண்ணெய் ஊற்றி, சீயக்காய் கரைத்துத் தெளித்து, மேலே ஒரு குடம் தண்ணீரும் விட்டேன்.

"ஏறுங்க முதலாளி. அம்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுலதான நிக்கப் போறாங்க. நீங்க ஒரு தபா நின்னு பாருங்க" என்றேன்.

ரோஷக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கடை லோடுமேன் இரண்டு பேரை இரண்டு பக்கமும் நிறுத்தினேன். தங்கக் கோட்டு டைலில் ஒரு காலை வைத்தார். அந்தக் கால் கிழக்கே போனது. இன்னொரு காலை வைத்தார், அது மேற்கே போனது. ஒரு லோடுமேன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதலாளி தொங்க, அவனும் வழுக்க, மூன்று பேருமாக மணல் குவியலில் உட்கார்ந்தார்கள். எதிர் டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. அப்புறம் ஆளாளுக்கு நான் ஏறுகிறேன், நான் ஏறுகிறேன் என்று வரிசை கட்டி நின்றார்கள். அன்றைக்கு வியாபாரம் கெட்டது என்று கடை முதலாளி என்னைத் திட்டினார். திட்டிவிட்டு அவரும் ஒரு தடவை ஏறிப் பார்த்தார்.

ஆட்டோவில் வேதவல்லி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, அவரு கையால தடவிகினு கீறாரு. கைக்கு இன்னா தெரியும்? நிக்கறது காலுதான? ஒவ்வொண்ணா இங்க கொண்டாந்து போடு."

இத்தனை வருஷம் டைல்ஸ் விற்ற எனக்கு இது தோன்றியதில்லை. ஒவ்வொரு டைலையும் நனைத்து ஆட்டோவுக்குள் வைத்தோம். அவர் உட்கார்ந்தபடியே வெறுங்காலைப் பதித்து, அழுத்தி, விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். ரொம்பச் சொரசொரப்பானதைக் கொடுத்தபோது காலை இழுத்துக்கொண்டார். "இது ரோட்டுல நடக்கற மாதிரி கீது. பாதத்தைக் கிழிச்சிடும்." அது உண்மை. வயதானவர்கள் பாதத் தோல் மெலிந்திருக்கும். அது மட்டுமில்லை, அதிகச் சொரசொரப்பில் சோப்பு அழுக்கு தங்கிவிடும், தேய்த்தாலும் போகாது, பிறகு அந்த அழுக்கே வழுக்கும். கடைசியில் மணல்பரப்பு மாதிரி நைசாகச் சொரசொரக்கிற ஒன்றில் காலை வைத்தார். எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காலை எடுக்கவே இல்லை.

"கோரைப்பாய்ல நிக்கற மாதிரி கீது. இதான் வேணும்" என்றார்.

ஒரு அடிக்கு ஒரு அடி டைல் அது. குளிக்கிற இடத்துக்குப் பெரிய டைல் வேண்டாம். சின்னது என்றால் தண்ணீர் போகிற பக்கம் சரிவாகப் பதிக்க வளைந்து கொடுக்கும், இடைக்கோடுகளும் நிறைய வரும், அந்தக் கோடுகளே காலுக்குப் பிடி. முதலாளி பின்பக்கம் பார்த்ததும் வீண் போகவில்லை. டைலின் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு டைல் மடக்கென்று குடித்துவிட்டது. அம்மா தேர்ந்தெடுத்ததில் சொட்டு அப்படியே நின்றது. தண்ணீர் குடிக்காத டைல்தான் ஈரத்தில் வருஷக்கணக்கில் உழைக்கும்.

"கலருதான் சாம்பலாட்டம் கீது" என்று முதலாளி முனகினார்.

"செவுரு உங்களுது முதலாளி. நீங்க கேட்ட பளபளப்பு, தங்கக்கோடு எல்லாம் செவுத்துல போட்டுக்கலாம். செவுத்துல யாரும் நடக்கப் போறதில்ல. தரை மட்டும் அம்மாவுது" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் அதில் ஒரு லாபம். சுவர் வெளிர் நிறம், தரை அடர் நிறம் என்றால் தரை எங்கே தொடங்குகிறது என்று பார்வை மங்கியவர்களுக்கும் தெரியும்.

3. தெப்பம்

பழைய தரையைப் பேத்தோம். அடியில் ஈரம் ஊறிக் கருத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, காயவிட்டு, தண்ணீர் கசியாத கோட்டிங் இரண்டு கை அடித்தோம். தரைக்கு மட்டும் அடித்தால் போதாது, சுவரிலும் ஒரு முழம் ஏற்றி அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி வைத்து அடிக்க வேண்டும். வெடிப்பு முதலில் வருவது அங்கேதான்.

கோட்டிங் காய்ந்த பிறகு, ட்ராபை, அதாவது தண்ணீர் இறங்கும் குழியை, அடைத்துவிட்டுக் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினோம். ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். சுவரில் கோடு போட்டு வைத்து, மறுநாள் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு நாளைத் தாண்டிக் குதிக்கிற மேஸ்திரிகள் உண்டு, அவர்கள் கசிவு பார்க்க அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள்.

தெருவே வந்து பார்த்தது. "தெப்பம் எப்ப விடறீங்க?" என்று முதலாளியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

4. குமிழ் நடுவில் நின்றது

புதன்கிழமை காலை மேஸ்திரி சரிவுக் கலவை போட்டார். நாலு மூலையிலிருந்தும் நடுவில் இருக்கிற ட்ராபை நோக்கி இறக்கம், அடிக்குக் கால் அங்குலம். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் நிற்கிறவருக்குக் கால் இழுக்கும். அந்தச் சரிவு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. போட்டு முடித்து, யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

சாதாரணக் கண்ணுக்குத்தான் தெரியாது. முதலாளி கண் தறிக்காரன் கண். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவை இழுத்துக் கட்டினால் எங்கேயும் நூலளவு தொய்வு இருக்கக்கூடாது, ஒரு பக்கம் இறங்கினால் துணியே கோணிக்கொள்ளும். அதையே பார்த்துப் பார்த்து வளர்ந்த மனுஷன், போகிறபோக்கில் பாத்ரூமை எட்டிப் பார்த்திருக்கிறார். தரை நடுவில் பள்ளம். பாவம் மேஸ்திரி, ஏதோ ஞாபகத்தில் கோட்டை விட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் வருவதற்குள் உதவி செய்துவிடலாம் என்று ஆசை. கால் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தோமே, அதனால் வாசலில் ஒரு பலகை போட்டு அதன்மேல் குப்புறப் படுத்திருக்கிறார். குறுக்கும் நெடுக்கும் பட்டு நூல் கட்டி, மிச்சமிருந்த கலவையைப் பள்ளத்தில் நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்து இழுத்துச் சமன் செய்திருக்கிறார்.

நாங்கள் திரும்பி வந்தபோது முழங்கை வரை சிமெண்ட்டோடு வாசலில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மேஸ்திரி, தப்பா எடுத்துக்காத. கண்ணு யாருக்கும் ஒரு நேரம் தப்பும். நடுவுல எறங்கி இருந்துச்சு. நான் ஏத்தி வச்சிட்டேன். நூல் புடிச்சுப் பாரு, மயிரிழை எடம் இருக்காது."

மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தார், நடுவில் நின்றது. குறுக்கே வைத்தார், கோணலாக வைத்தார், எப்படி வைத்தாலும் குமிழ் அசையவில்லை. என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக மட்டம் பார்த்த தரையை நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். "முதலாளி, தண்ணிய யாரு தள்ளிகினு போறது?"

முதலாளிக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன். "தண்ணி ட்ராபுக்குப் போகாதுங்க. தரையிலயே நிக்கும். சோப்பும் எண்ணெயும் அதுல ஊறிப் பாசி புடிக்கும். எந்த டைல் போட்டாலும் பாசி மேல நின்னா வழுக்கும். அம்மா அதுலதான் காலை வைக்கணும்."

அவர் தரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "அவளை நானே பெங்களூருக்கு அனுப்பி வச்சிட்டேனாமா?" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு வேதவல்லி அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். தரையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"கல்யாணமான நாள்லருந்து இந்த வீட்ல ஒரு ஆணி நேரா அடிச்சது கெடையாது" என்றார். "பாத்து பாத்து இன்னிக்கு மட்டம் வந்துகீது பாரு இந்த மனுசனுக்கு." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு முதலாளியின் தோளில் ஒட்டியிருந்த சிமெண்ட்டைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

கலவை இன்னும் முழுசாக இறுகவில்லை. சுரண்டி எடுக்கலாம். ஆனால் அடியில் கோட்டிங் இருக்கிறது. இரும்புக் கரண்டி பட்டு அது கிழிந்தால் மறுபடி கோட்டிங், மறுபடி காயவிடுவது, மறுபடி தண்ணீர் கட்டுவது. ஞாயிறு கையைவிட்டுப் போய்விடும். அதனால் எல்லாரும் மரச்சிம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோமதி பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள். பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும்விட வேகமாகச் சுரண்டியவர் முதலாளிதான். கோட்டிங்குக்கு ஒரு கீறல் விழவில்லை.

மறுபடி கலவை போடும்போது மேஸ்திரி ஒரு வேலை செய்தார். முதலாளி கையில் பட்டு நூலைக் கொடுத்தார். ஒவ்வொரு மூலையிலும் சுவரில் சரிவுக்கான உயரத்தில் ஆணி அடித்து, அங்கிருந்து ட்ராப் வாய்க்கு இழுக்கச் சொன்னார். முதலாளி இழுத்துக் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓகோ. நாலு பக்கத்துலருந்தும் ஒரே எடத்துக்கு எறங்குது. எல்லாம் ஒரே மாதிரி எறங்குது" என்றார். "இதுவும் மட்டம்தான்யா. சாய்ஞ்ச மட்டம். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

சீக்கிரம் இறுகும் ரெடிமேட் கலவை வாங்கி வந்திருந்தோம். அன்று அவர் கட்டிய நூலுக்குக் கீழே மேஸ்திரி இழுத்த சரிவு, எங்கள் வேலைகளிலேயே சுத்தமானது.

வெள்ளிக்கிழமை டைல்ஸ். வெறும் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டவில்லை. டைல் ஒட்டும் பசையை டைல் முழுக்கப் பரப்பி ஒட்டினோம், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். டொக்கு டொக்கு என்று காலிச் சத்தம் வந்தால் அங்கே ஒருநாள் உடையும். சனிக்கிழமை காலை இடைக்கோட்டுக்கு எபாக்ஸி, தண்ணீர் ஏறாத ரசாயனக் கலவை. எண்ணெய்க் குளியல் வீட்டில் சாதாரண வெள்ளை சிமெண்ட் வைத்தால் சீயக்காய் குடித்துக் கறுத்துப்போகும், எபாக்ஸி குடிக்காது. சுவரில் ஸ்டீல் கைப்பிடி இரண்டு, அம்மாவை நிற்க வைத்து அவர் கை எட்டுகிற உயரத்தில் துளை போட்டோம். எபாக்ஸி மேல் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. ஆக ஞாயிறு மதியம்தான் குளியல்.

5. ஞாயிறு மதியம்

சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கே போய்விட்டேன். மேஸ்திரி சர்ச் சட்டையோடு வந்து நின்றார். முரளியின் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் அம்மா சாய்ந்துகொள்ளத் தலையணை இரண்டு, ஒரு போர்வை எல்லாம் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல பிள்ளை. அம்மாவை இழுத்துக்கொண்டு போக வரவில்லை, பயந்துபோய் வந்திருக்கிறான்.

முரளி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அது நாலு பக்கமிருந்தும் நேராகக் குழிக்குப் போனது. காலைத் தேய்த்துப் பார்த்தான். கைப்பிடியைத் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தான்.

"நல்லாத்தாங்க்கா போட்டு கீறீங்க" என்றான். "ஆனா அம்மாவுக்குக் காலுல பலம் இல்லியே. அம்மா, கோமதி கூட உள்ள வரட்டும். சும்மா நிக்கட்டும்."

"கோமதி வேணாம். எண்ணெய எடுத்தா" என்றார் வேதவல்லி அம்மா.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம இல்லியே வேதா" என்றார் முதலாளி.

"எனக்கு இன்னிக்குதான் வெள்ளிக்கெழம."

உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய நின்றார். தடியைச் சுவரில் சாய்த்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அந்தக் கால் நடுங்கியது, எல்லாரும் பார்த்தோம். விரலை மடக்கி அழுத்தினார். அடுத்த காலை வைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, "இன்னா எல்லாம் சினிமாவா பாக்கறீங்க? போங்க அந்தாண்ட" என்று கதவைச் சாத்தினார்.

உள்ளே டக்கென்று ஒரு சத்தம்.

கோமதி என் தோளைப் பிடித்தாள். "அக்கா, தாழ்ப்பாள் போட்டுட்டாங்க."

வெளியிலிருந்தும் காசு வைத்துத் திருகித் திறக்கிற தாழ்ப்பாள்தான் அது, பயமில்லை. ஆனாலும் ஆறு மாதமாக அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மகள் கையில்தான் குளித்தார். கோமதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். முரளி கதவருகே போய்க் காதை வைத்தான். முதலாளி அவனைத் தள்ளிவிட்டுத் தானும் வைத்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரத்துக்கு இல்லை. எனக்கு ஜெபம்கூட மறந்துபோனது. மேஸ்திரி தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

பிறகு சளாரென்று ஒரு சொம்புத் தண்ணீர். இன்னொன்று. அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எவன் இங்க மூச்சு வாங்கிகினு கீறான்? கதவாண்டருந்து போங்கடா."

அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்தம்மா ஆறு மாதக் குளியலையும் சேர்த்துக் குளித்தார். வெந்நீர் தீர்ந்தது, அண்டாத் தண்ணீர் தீர்ந்தது, மோட்டார் போடச் சொன்னார். வெளியே வந்தபோது தலையில் துண்டு, முகம் சிவந்து கிடந்தது. தடியை எடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். மகனைப் பார்த்து, "நீ சாப்ட்டு கெளம்பு. இருட்டறதுக்குள்ள போயி சேரு" என்றார். முரளி காரிலிருந்து தலையணைகளை எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்தான். அந்தப் பின் சீட்டில் அன்று பெங்களூருக்குப் போனது ஒரு மூட்டை அரிசி.

புதிதாக வருகிறவர்களே, சரிவு, கோட்டிங், பசை, எபாக்ஸி எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாம் வேண்டும். ஆனால் வேலை முடிந்ததா என்று ரசமட்டத்தைக் கேட்காதீர்கள், வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். அந்த வீட்டில் குளிக்கப் பயப்படுகிறவர் யாரோ, அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நில்லுங்கள். அவர் தானாகத் தாழ்ப்பாள் போட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.